விழுங்கியதைக் கண்ட சாட்சி

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஏலக்காய் மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கியின் மாடியில், மேற்குமலை ஏலத்தோட்ட முதிய தொழிலாளர் மருந்துக் காப்பீட்டு நிதியம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. பெயர்ப்பலகை மாடியின் இந்தக் கோடியில் ஆரம்பித்து அந்தக் கோடியில் முடியும். கீழே நின்று எழுத்துக் கூட்டி அதை வாசித்து முடிப்பதற்குள் மலையடிவாரக் குரங்கணிக்குப் போகிற ஜீப்பு கிளம்பிப் போய்விடும். அப்படி ஜீப்பைத் தவறவிட்டு, ஊர்க்கோடியில் நின்று கையைக் காட்டி, லோடு லாரியில் ஏறிப் போனவர்கள் நிறையப் பேர்.

திட்டம் என்னவோ எளிமையானதுதான். தோட்டத்தில் வேலை பார்க்கிற காலமெல்லாம் மாதம் ஒரு ரூபாயைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அறுபது வயதுக்குமேல் நோய் வந்தால் மருந்து தருவார்கள். இதில் முதல் பாதி பத்தொன்பது வருடத்தில் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இரண்டாம் பாதிக்குத்தான் கொஞ்சம் விளக்கம் வேண்டியிருந்தது. அதற்கென்றே நிதியம் செவ்வாய்க்கிழமைதோறும் 'புரிதல் நாள்' நடத்தியது. அன்றைக்கு வந்து உட்கார்ந்து, திட்டத்தைப் புரிந்துகொண்டு, 'எனக்கு எல்லாம் புரிந்தது' என்ற தாளில் கையெழுத்துப் போட்டால்தான் மருந்துக்கு மனுவே கொடுக்கலாம். சந்தேகம் கேட்டால் புரியவில்லை என்று பொருள். புரியாதவர் அடுத்த செவ்வாய் வரவேண்டும்.

குரங்கணி வீரணன் இந்த விஷயத்தை முன்கூட்டியே அறிந்திருந்தார். அவர் மனைவி சுப்புத்தாயும் தோட்டத்தில் காய் எடுத்தவள்தான், அவள் கூலியிலும் ரூபாய் போயிருந்தது. நீரிழிவு வந்தபோது அவள் மூன்று செவ்வாய் இந்த மாடிக்கு ஏறினாள். மூன்று தடவையும் ஒரு சந்தேகம் கேட்டாள். கேட்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது. கல்யாணப் பந்தலிலேயே, "இந்த மனுசனுக்குக் கோவம் வருமா?" என்று ஐயரிடம் கேட்டவள். நான்காவது செவ்வாய்க்கு அவள் இல்லை. அது நடந்து வருகிற புரட்டாசியோடு இரண்டு வருடம் முடிகிறது.

வீரணனுக்கு அறுபத்தாறு வயது. மலைமேல் ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் முப்பத்தோரு வருடம் சல்லடை ஆட்டியவர். உலர்ந்த காயைப் போட்டு ஆட்டினால் பெருங்காய் மேலே நிற்கும், சிறுகாய் கீழே விழும், நிற்பதற்கு ஒரு விலை, விழுவதற்கு ஒரு விலை. வீரணன் ஆட்டிய மூட்டை என்றால் போடி வியாபாரிகள் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். இப்போது அந்தக் கைக்கு வேலை இல்லை. மகள் அன்னக்கொடி திருப்பூருக்கு வாக்கப்பட்டுப் போய், வருடத்துக்கு ஒரு தடவை சித்திரைக்கு வருவாள். மற்ற நாளெல்லாம் அவர்தான், அடுப்புதான், மேற்கே மலைதான். சில நாள் பொழுது சாயும்போது அவர் தொண்டையைச் செருமிப் பார்ப்பார், குரல் இன்னும் இருக்கிறதா என்று.

1983 வைகாசியில் அவருக்குக் கால் வீங்கியது. தண்ணீர்க் குடத்தோடு மேட்டில் ஏறினால் மூச்சு நின்று நின்று வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு குட்டி குட்டியாக வெள்ளை மாத்திரை பதினொன்றைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

"இங்க இவ்வளவுதான் இருக்கு பெரியவரே. ஆனா இத ஆயுசு பூராம் போடணும். ஒருநா விட்டாலும் தப்பு. உங்களுக்கு ஏதோ காப்பீடு இருக்காமுல்ல, அங்க வாங்கிக்கங்க" என்றார்.

பதினொரு மாத்திரை. பதினொரு நாள். அடுத்த செவ்வாயே வீரணன் மாடி ஏறினார்.

பெஞ்சுகளில் முப்பது பேர் இருந்தார்கள். செயலாளர் ஜக்கையன் வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள், எழ முடியாதவர்கள் எழுவதுபோல அசைந்தார்கள். ஜக்கையன் முன்பு ஏலக்காய் ஏலம் கூறியவர். மூச்சு விடாமல் பேசுவதில் சுற்றுவட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"பெரியோர்களே! மருந்து கொடுப்பது சுலபம். மருந்துக் கடைக்காரன்கூடக் கொடுப்பான். நம் நிதியத்தின் நோக்கம் அதைவிடப் பெரிது. மருந்து கிடைக்கும் என்ற நிம்மதியை உங்களுக்குக் கொடுப்பது! அந்த நிம்மதியைப் பத்தொன்பது வருடமாகக் கொடுத்து வருகிறோம். மருந்தையும் கொடுத்துவிட்டால் நிதி தீர்ந்துபோகும். நிதி தீர்ந்தால் நிம்மதி தீரும். உங்கள் நிம்மதியைக் கெடுக்க இந்த ஜக்கையன் ஒருநாளும் சம்மதிக்கமாட்டான்!"

எல்லோரும் கை தட்டினார்கள். வீரணனும் தட்டினார்.

முன் பெஞ்சிலிருந்து வேலுத்தாய் எழுந்தாள். அவளும் குரங்கணிதான், வீரணன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள்.

"ஏஞ்சாமி, அப்ப எனக்கு மூச்சிரைப்புக்கு மருந்து கிடைக்குமா, கிடைக்காதா?"

குமாஸ்தா பொன்னுமணி பேரேட்டைப் புரட்டினான். "வேலுத்தாய். புரிதல் நிலுவை. அடுத்த செவ்வாய் வாங்காத்தா."

"இதோட ஏழாவது செவ்வாய்டா."

"எட்டாவதுல புரிஞ்சுரும்" என்றான் பொன்னுமணி. அவன் கெட்டவன் இல்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

வீரணன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒன்றுமே கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார். எல்லாம் புரிந்த முதல் ஆள் அந்த மாதத்தில் அவர்தான் என்று ஜக்கையன் கை குலுக்கினார்.

அடுத்தது தரம் பிரித்தல். எந்த மருந்து தரமானது, எதற்கு நிதியம் பொறுப்பேற்கும் என்று முடிவு செய்ய ஆரம்பத்திலேயே ஐந்து பேர் கொண்ட குழு போட்டிருந்தார்கள். ஐவரும் ஏலக்காய் வியாபாரிகள். ஒரு பொருளின் தரத்தை எப்படிப் பார்ப்பது என்று அவர்களுக்கு ஊரே ஒப்புக்கொண்ட ஒரு முறை தெரிந்திருந்தது. ஆகவே மாத்திரையைச் சல்லடையில் போட்டார்கள். எட்டு மில்லிமீட்டர் ஓட்டைச் சல்லடையில் நின்றால் முதல் தரம், நிதியமே முழுதும் தரும். ஏழு மில்லியில் நின்றால் பாதி. இரண்டிலும் விழுந்தால் கழிவு, நோயாளி பாடு. பச்சை நிறமாக இருந்தால் கூடுதல் மதிப்பு. டானிக்கை எப்படிச் சலிப்பது என்பதற்குத் தனியாக ஓர் உபகுழு பதினான்கு வருடமாகக் கூடிக்கொண்டிருந்தது.

பொன்னுமணி சல்லடையையும் வீரணனின் வெள்ளை மாத்திரை ஐந்தையும் மேஜையில் வைத்தான். "எனக்கு ஆட்ட வராதுங்க. போன தடவை ஆட்டுனதுல மாத்திரை சன்னல் வழியா ரோட்டுல போயிருச்சு. நீங்களே ஆட்டுங்கய்யா. மெல்லப் பிடிச்சு லேசா ஆட்டுனா நின்னாலும் நின்னுரும்." சொல்லிவிட்டுக் கண்ணையும் காட்டினான்.

வீரணனுக்கு அது விளங்கியது. லேசாகத்தான் ஆட்ட நினைத்தார். ஆனால் சல்லடை கையில் வந்ததும் மணிக்கட்டு அதன் பழைய வேலையை ஆரம்பித்துவிட்டது. இரண்டு சுற்று, ஒரு குலுக்கு, கடைசியில் விளிம்பில் பெருவிரலால் ஒரு தட்டு. சாய்ந்து நிற்கிற காயையும் விழவைக்கிற அந்தத் தட்டைப் போடாமல் அவர் ஒருநாளும் சல்லடையைக் கீழே வைத்ததில்லை. ஐந்தும் உதிர்ந்தன. ஏழு மில்லியிலும் உதிர்ந்தன.

பின்னால் நின்று பார்த்த ஜக்கையன் மெய்ம்மறந்துபோனார். "ஆகா! என்னா கை! இப்பேர்ப்பட்ட ஆட்டத்தப் பாத்து எத்தன வருசமாச்சு! பொன்னுமணி, கழிவுன்னு எழுதிக்க."

டாக்டரிடம் திரும்பிப் போய் வீரணன் நடந்ததைச் சொன்னார். டாக்டர் முதலில் நம்பவில்லை, பிறகு சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மேஜை இழுப்பறையைத் துழாவினார். "அதே மருந்துதான், ரெட்டைப் பங்கு இருக்கு. உருவம் பெரிசு. பச்சையா வேற இருக்கு. இத எழுதித் தர்றேன், பாதியா ஒடச்சு ஒரு நாளைக்குப் பாதி போடுங்க. மாத்திரை பெரிசா சிறுசான்னு நெஞ்சுக்குத் தெரியாது பெரியவரே, சல்லடைக்கு மட்டுந்தான் தெரியும்னு ஆயிப்போச்சு."

பச்சை மாத்திரை எட்டு மில்லியில் கம்பீரமாக நின்றது. முதல் தரம், பசுமை மதிப்பு உண்டு என்று பேரேட்டில் ஏறியது. இதற்குள் பதினொரு நாளில் ஒன்பது போய்விட்டது.

"இன்னும் ஒண்ணுதான் அய்யா" என்றான் பொன்னுமணி. "வாங்குன மாத்திரைய நீங்கதான் முழுங்குனீகன்னு சாட்சி வேணும். வித்துப்புட்டா? தெனமும் நீங்க முழுங்குறதப் பாத்து ஒருத்தர் இந்தக் கட்டத்துல கைநாட்டு வைக்கணும். அவரு உங்க ரேசன் கார்டுலயே பேரு உள்ள ஆளா இருக்கணும். வெளியாளு கூடாது. கார்டு கொண்டாந்திருக்கீகளா?"

வீரணன் மடியிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதில் இரண்டு பேர் இருந்தது. சுப்புத்தாய் போன பிறகு பேரை அடித்துத் தரச்சொல்லி ஆபீசுக்குப் போகவேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பார். அதற்கு அங்கே போய் நின்று, கேட்கிற ஆளிடம், அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்லவேண்டும். சாவன்றைக்குக்கூட ஊரார்தான் ஊருக்குச் சொன்னார்கள், மகளுக்குத் தந்தி கொடுத்தது டீக்கடைக்காரர். வீரணன் சொன்னதே இல்லை. ஆபீசுக்கும் போகவில்லை.

"சுப்புத்தாய், மனைவி" என்று பொன்னுமணி வாசித்தான். முகம் மலர்ந்தது. "அப்பறம் என்ன கவலை! வீட்டுல அம்மா நல்லா இருக்காங்கள்ல?"

அதை அவன் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டான். ஆனால் இரண்டு வருடமாக யாரும் வீரணனிடம் அதைக் கேட்டதில்லை. கோயிலிலும் கடையிலும் எல்லோரும் அந்தப் பேரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். கேட்டமாத்திரத்தில் அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"இருக்கா" என்றார்.

"என்ன செய்றாக?"

"கொத்தமல்லி காயப்போட்டுக்கிட்டு இருந்தா. நான் வரும்போது."

முப்பது கட்டம் போட்ட தாளையும், மைப்பெட்டியையும், முதல் மாதத்துக்குப் பதினைந்து பச்சை மாத்திரையையும் வாங்கிக்கொண்டு அவர் ஜீப்பில் ஏறினார். பொய் சொன்னதற்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட வேறு ஒன்றும் இருந்தது. அது சந்தோஷம் என்று கண்டுபிடிக்க அவருக்குக் கொட்டகுடி ஆற்றுப் பாலம் வரை ஆனது.

மறுநாள் காலை கஞ்சி குடித்ததும் பாதி மாத்திரையை எடுத்தார். கைநாட்டு வைத்தாக வேண்டும். அவருடைய பெருவிரல் வைத்தால் ஆம்பளை விரல் என்று தெரிந்துவிடும். இடது கைச் சுண்டுவிரலை மையில் தொட்டார். சும்மா வைத்தால் மனசு ஒப்பவில்லை. அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, "பாத்துக்க, முழுங்குறேன்" என்றார். விழுங்கினார். அப்புறம்தான் வைத்தார்.

கட்டத்துக்குப் பக்கத்தில் 'சாட்சியின் குறிப்பு' என்று ஒரு பத்தி இருந்தது. நிதியத்தின் பத்தொன்பது வருடச் சரித்திரத்தில் அதில் யாரும் எதுவும் எழுதியதில்லை. மூட்டையில் எடை எழுதிப் பழகிய கோணல் எழுத்தில் வீரணன் எழுத ஆரம்பித்தார். முதல் வாரம், 'தண்ணி பத்தாது.' இரண்டாம் வாரம், 'மொகத்தச் சுளிச்சார்.' ஒரு மாதம் போனதும் குறிப்பு நீண்டது. 'வெறும் வயித்துல போடாதீகன்னு சொன்னேன், கேக்கல.' 'மழைக்குள்ள போயி நனைஞ்சு வந்தார்.' 'கால் வீக்கம் வத்திருச்சு, மேடு ஏறுறார்.' அவள் இருந்தால் என்ன சொல்வாளோ அதைத்தான் எழுதினார். எழுதும்போது குரலும் கேட்டது. சில நாள் குறிப்பில் கேள்விதான் வந்தது: 'இந்தத் தாளு எதுக்கு? யாரு வாசிக்கப் போறா?'

வாசித்தார்கள். அதுதான் வினையாகப் போனது.

ஆவணியில் தோட்ட முதலாளிகள் சங்கத்துக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. இந்த நிதியத்தால் யாராவது பிழைத்திருக்கிறார்களா என்று எழுதிக் கேட்டார்கள். ஜக்கையன் கோப்புகளைக் கொட்டிக் கவிழ்த்துத் தேடியதில், மூன்று மாதம், தொண்ணூறு கட்டம், ஒன்றுகூட விடாமல் கைநாட்டும் குறிப்பும் உள்ள ஒரே கோப்பு வீரணனுடையது. ஜக்கையனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆண்டு விழாவில் 'சிறந்த சாட்சி' என்று சுப்புத்தாய்க்கு விருதும் பட்டுக்கரைச் சேலையும் கொடுப்பதென்று முடிவானது. தம்பதி சமேதராக வரவேண்டும் என்று அச்சடித்த அழைப்பு வந்தது.

வீரணன் நாலு நாள் தூங்கவில்லை. போகாவிட்டால் மருந்து நின்றுவிடுமோ என்று பயம். அந்தப் பச்சை மாத்திரையால்தான் அவர் மேடு ஏறுகிறார். தனியாகப் போனார்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு இரண்டிலும் சாமந்தி மாலை வைத்திருந்தார்கள். ஒன்றில் வீரணனை உட்காரவைத்தார்கள். மற்றதில் மாலை மட்டும் இருந்தது.

ஜக்கையன் மைக்கைப் பிடித்தார். "நம் உறுப்பினர்களின் ஆரோக்கியத்துக்குப் புள்ளிவிவரமே சாட்சி! எழுபத்தெட்டில் மருந்து கேட்டு இருநூற்றுப் பதினான்கு பேர் வந்தார்கள். எண்பதில் நூற்று முப்பது. சென்ற வருடம் அறுபத்திரண்டு. இந்த வருடம் நாற்பதைத் தாண்டவில்லை! மற்றவர்கள் எங்கே? வரவில்லை! ஏன் வரவில்லை? அவர்களுக்கு மருந்து தேவைப்படவில்லை! இனி ஒருநாளும் தேவைப்படாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்!"

கைதட்டல். வீரணன் தட்டவில்லை. இருநூற்றுப் பதினான்கில் மலையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ராசிங்காபுரத்துக் கிழவர் அமாவாசையை எரித்த அன்று இவர்தான் விறகு அடுக்கினார். சிலமலைக் கன்னையன் பாடைக்குத் தோள் கொடுத்தார்.

"இப்போது நம் சிறந்த சாட்சி, திருமதி சுப்புத்தாய் அம்மாள்!"

யாரும் வரவில்லை. மைக் இரைந்தது.

"வெக்கப்படுறாங்க போல" என்று ஜக்கையன் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. "வீட்டுல அடுப்பு வேலையா இருப்பாங்க. பரவாயில்ல. பெரியவரே, அவங்க சார்பா ரெண்டு வார்த்தை."

பொன்னுமணி ஓடிவந்து காதுக்குள், "காய்ச்சல்னு சொல்லிருங்கய்யா, போதும்" என்றான். அதற்குள் அவனுக்கும் ஏதோ பிடிபட்டிருந்தது.

வீரணன் மைக் முன்னால் நின்றார். காய்ச்சல் என்று ஒரு சொல். சொன்னால் அடுத்த மாத மாத்திரை வந்துவிடும், நாளைக் காலையும் அடுப்பங்கரையைப் பார்த்துப் பேசலாம். அவர் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் பக்கத்தில் அந்த நாற்காலி. வீட்டில் அவள் இல்லாத இடம் எங்கும் பரவிக் கிடக்கும், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளலாம். இங்கே அந்த இடத்துக்குக் கால் நாலு, கை இரண்டு வைத்து, மாலையும் போட்டு, இருநூறு பேர் பார்க்க வைத்திருந்தார்கள். அவரால் தாங்க முடியவில்லை.

"அவ செத்துப்போயிட்டா" என்றார். மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. "ரெண்டு வருசமாச்சு. என் பொண்டாட்டி செத்துப்போயிட்டா."

சொன்னவுடன் அவருக்கு அழுகை வந்தது. இரண்டு வருடமாக வராத அழுகை. வாயில் துண்டை வைத்துக்கொண்டு மேடையிலேயே அழுதார்.

ஜக்கையன் நிலை குலையவில்லை, ஏலம் கூறியவர் அல்லவா. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "கார்டுல என்ன இருக்கு?" என்றார்.

"உசிரோட இருக்காங்க சார்" என்றான் பொன்னுமணி.

"அப்ப எப்படிச் செத்திருக்க முடியும்?"

முன்வரிசையில் வேலுத்தாய் எழுந்தாள். அவளுக்குப் புரிதல் இன்னும் நிலுவையில்தான் இருந்தது. "ஏய்யா, அவளக் குளிப்பாட்டுனதே நாந்தான். இந்தக் கையால மஞ்சத் தேச்சேன். இதுல என்ன பேச்சு?"

ஜக்கையன் பொறுமையாகக் கேட்டார். "ஆத்தா, நீங்க அதே ரேசன் கார்டுல இருக்கீகளா?"

"இல்ல."

"அப்ப உக்காருங்க. வெளியாள் சாட்சி செல்லாது." மைக்கைத் திறந்தார். "பெரியோர்களே, பெரியவர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார். அன்பு மிகுந்த தம்பதிகளிடம் இது சகஜம். அம்மாள் சார்பாகச் சேலையை அவரே பெற்றுக்கொள்வார். இந்த விஷயம் முறைப்படி பரிசீலிக்கப்படும். அதுவரை அவருக்கு மருந்து வழங்குவது, அவருடைய நலனை முன்னிட்டு, நிறுத்திவைக்கப்படுகிறது." கூட்டம் பழக்கத்தில் கை தட்டியது.

எட்டு நாள் கழித்துத் தபால்காரர் திருப்பதி குரங்கணியில் வீரணன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, ரிஜிஸ்தர் தபாலு. மதினி பேருக்கு வந்திருக்கு. ஆள் இல்லன்னு எழுதித் திருப்பிரட்டுமா?"

வீரணன் உறையைப் பார்த்தார். திருமதி சுப்புத்தாய், குரங்கணி. அவள் உயிரோடு இருந்த காலத்தில் அவள் பேருக்கு ஒரு கடிதம் வந்ததில்லை.

"நான் இருக்கேன்ல. கொண்டா" என்றார்.

திருப்பதி போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து, உறையைப் பிரித்தார். தாள் அவளுக்கு வந்தது. அவளுக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே வாசித்தார்.

'அம்மணி, தாங்கள் இறந்துவிட்டதாகப் பொது மேடையில் வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது. குடும்ப அட்டைப்படி தாங்கள் உயிருடன் இருக்கிறீர்கள். மேற்படி முரண்பாடு குறித்து இன்றிலிருந்து பதினைந்து தினங்களுக்குள் தாங்கள் நேரில் வந்து விளக்கம் தரவேண்டும். வரத் தவறினால் தாங்கள் உயிருடன் இருப்பதாகவே கருதப்பட்டு, தங்கள் கணவருக்கு மருந்து வழங்குவது மீண்டும் தொடங்கும்.'

வீரணன் கடைசி வாக்கியத்தை மறுபடி வாசித்தார். மூன்றாம் தடவையும் வாசித்தார். பிறகு தாளை மடித்துப் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பதில் எழுதக் கூடாது, யாரும் அங்கே போகக் கூடாது, வேலுத்தாயையும் போகவிடக் கூடாது என்று முடிவு செய்தார். அவள் உயிரோடு இருப்பதற்கு, இவர் இன்னும் பதினைந்து நாள் இருந்தாகவேண்டும்.

டப்பாவைத் திறந்து பார்த்தார். பச்சை மாத்திரை நான்கு இருந்தது. பாதி பாதியாகப் போட்டால் எட்டு நாள்தான் வரும். கத்தியை எடுத்து ஒவ்வொன்றையும் கால் காலாக நறுக்கினார். பதினாறு துண்டு வந்தது. எண்ணிப் பார்த்துவிட்டு, அதில் ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.